கூர்ங்குவியத்தில் தளவிளைவு: அளவும் அளப்பதும்

மெல்லச் சாய்ந்து குவியும் ஒளிக்கற்றைக்கு மின்புலத்தின் திசை பெரிய பொருட்டல்ல. 1873இல் எர்ன்ஸ்ட் அபே தந்த எல்லை, அலைநீளத்தை எண்ணியல் துளையின் இருமடங்கால் வகுத்துப் பிரித்தறியும் திறனைச் சொல்கிறது. தளவிளைவுக்கு, அதாவது மின்புலம் அதிரும் திசைக்கு, அதில் இடமே இல்லை. ஆனால் எண்ணியல் துளை 0.9 ஆன பொருளருகு லென்சில் ஓரக்கதிர் அச்சுக்கு 64 பாகை சாய்ந்து வருகிறது. மின்புலம் கதிருக்குச் செங்குத்தாகவே இருந்தாக வேண்டும் என்பதால், கதிர் வளையும்போது புலமும் உடன் திரும்பி, அச்சின் நெடுக்கே ஒரு கூற்றைப் பெறுகிறது. சாய்ந்துவரும் சமதள அலைகளைத் திசையோடு சேர்த்துக் கூட்டிக் குவியத்தைக் கணக்கிடும் முறையை ரிச்சர்ட்ஸும் எமில் வுல்ஃபும் 1959இல் முழுமையாக வகுத்தனர். இன்றைய கணக்குகள் பெரும்பாலும் அதையே பின்பற்றுகின்றன.

நேர்கோட்டுத் தளவிளைவுற்ற கற்றையில் புலத்தின் திசையிலுள்ள ஓரங்களில்தான் இந்தத் திருப்பம் மிகுதியாக நிகழ்கிறது. எதிரெதிர் ஓரங்களின் நெடுக்குக் கூறுகள் மையத்தில் ஒன்றையொன்று நீக்கி, இருபுறமும் இரண்டு மடல்களாக நிற்கின்றன. எனவே வட்டமாக இருக்க வேண்டிய குவியம் புலத்தின் திசையில் நீள்கிறது.

ஆரத் தளவிளைவில், அதாவது புலம் ஒவ்வோர் இடத்திலும் மையத்திலிருந்து வெளிநோக்கி அமைந்த கற்றையில், கதை தலைகீழ். குறுக்குக் கூறுகள் அச்சில் அழிந்துபோகின்றன; நெடுக்குக் கூறுகள் ஒரே கட்டத்தில் கூடுகின்றன. 60 பாகை சாய்ந்த கதிரின் செறிவில் முக்கால் பங்கு நெடுக்குக் கூற்றுக்கே போகிறது. சாய்வு குறைந்த நடுக்கதிர்களை வளையத் துளையால் மறைத்தால் இந்தப் பங்கு இன்னும் கூடும். எர்லாங்கனில் டார்ன், குவாபிஸ், லாய்க்ஸ் ஆகியோர் 2003இல் இவ்வாறு பெற்ற குவியத்தின் பரப்பு அலைநீள வர்க்கத்தில் 0.16 பங்கு, நேர்கோட்டுத் தளவிளைவுக்கு அது 0.26.

இந்த எண்ணை வைத்து ஆரத் தளவிளைவே எங்கும் கூர்மையானது என்று முடிவு கட்டுவது அவசரம். அது மின்புலச் செறிவின் அளவு. நெடுக்கு மின்புலம் அச்சுத் திசையில் ஆற்றலைக் கடத்துவதில்லை. அதே குவியத்தின் மையத்தில், ஆற்றல் பாய்வைக் குறிக்கும் பாயிண்டிங் வெக்டர் சுழி. ஆற்றல் பாய்வைக் கொண்டு அளந்தால் அங்கே தெரிவது நடுவில் ஓட்டையுள்ள வளையம். அச்சின் நெடுக்கே நிமிர்ந்து நிற்கும் மூலக்கூறு மையத்தில் ஒளிரும், படுத்திருக்கும் மூலக்கூறு அங்கே இருளைத்தான் காணும். நோவோட்னி குழுவினர் 2001இல் ஒற்றை மூலக்கூறுகளைக் கொண்டே இந்தப் புலங்களை வரைபடமாக்கினர். ஆகவே குவியத்தின் அளவு கற்றைக்கு மட்டும் உரிய பண்பு அன்று. அதை ஏற்கும் பொருளும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கிறது.

ஊடகமும் குறுக்கிடுகிறது. ஒளிவிலகல் எண் 1.5 கொண்ட கண்ணாடியின் பரப்பைக் கடக்கையில் செங்குத்து மின்புலம் 2.25 மடங்கு குறைகிறது. காற்றில் கிடைத்த ஆதாயத்தில் பெரும்பகுதி அங்கேயே போய்விடுகிறது.

சில்லு அச்சிடும் தொழில், நெடுக்குக் கூற்றைத் தேடும் இந்தப் போக்குக்கு நேர் எதிர்ப்பக்கம் நிற்பது தற்செயல் அல்ல. 193 நானோமீட்டர் ஒளியும் நீரில் மூழ்கிய லென்சும் கொண்ட கருவிகளின் எண்ணியல் துளை 1.35, ஒளியுணர் படலத்தின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.7. ஓரக்கதிர்கள் படலத்துக்குள் 52 பாகை அளவுக்குச் சாய்கின்றன. படுதளத்துக்குள், அதாவது கதிர்கள் சாயும் தளத்துக்குள், புலம் அமைந்த இரு கதிர்கள் குறுக்கிடும்போது கோடுகளின் துலக்கம் 45 பாகையில் சுழியாகி, அதற்கு மேல் ஒளியும் இருளும் இடம் மாறிவிடும். படுதளத்துக்குச் செங்குத்தான புலத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. அதனால் அங்கே நெடுக்குக் கூற்றைத் தவிர்ப்பதே குறிக்கோள்.

சில பயன்களுக்கு இருண்ட மையமே தேவை. ஸ்டெஃபான் ஹெல்லுக்கு 2014இல் நோபல் பரிசில் பங்கு தேடித்தந்த நுண்ணோக்கி முறையில், ஒளிர்வை அணைக்கும் கற்றையின் நடுவில் சுழிப்புள்ளி வேண்டும். வட்டத் தளவிளைவோடு சுழல் கட்டத்தட்டைச் சேர்த்து அதைப் பெறுகிறார்கள். இரண்டின் சுழற்சித் திசையும் ஒத்திருக்க வேண்டும். எதிராக இருந்தால் நெடுக்குக் கூறு மையத்தில் நிரம்பி, அணைக்கக் கூடாத இடத்தையும் அணைத்துவிடும். லென்சுக்குமுன் ஒரு கால் அலைத்தட்டைத் தவறான பக்கம் திருப்பினாலே இது நேரும்.

இத்தகைய கற்றைகளை உருவாக்க ஒளிக்கட்டத்தை ஒவ்வொரு புள்ளியிலும் மாற்றும் திரவப் படிகத் திரைகளும், அச்சு இடத்துக்கு இடம் திரும்பும் அலைத்தட்டுகளும் உண்டு. பின்னவற்றில் பல, பஞ்சரத்தினம் 1956இல் பெங்களூரிலிருந்து விளக்கிய வடிவியல் கட்டத்தில் இயங்குபவை. ஆரக் கற்றை கையில் இருந்தால் குவியத்தின் வடிவை மாற்ற இரண்டு அரை அலைத்தட்டுகள் போதும் என்பதை ஜானும் லெஜரும் 2002இல் காட்டினர். தட்டுகளுக்கிடையிலான கோணத்தின் இருமடங்கு அளவுக்குப் புலம் எங்கும் திரும்புகிறது. கோணம் சுழியானால் மையம் பிரகாசம். 45 பாகையானால் புலம் தொடுகோட்டுத் திசையில் அமைந்து மையம் இருள். இடையில் ஒரு கோணத்தில் இரண்டும் சமன்பட்டு, மேற்பகுதி தட்டையான குவியம் கிடைக்கிறது. எண்ணியல் துளையையும் துளைக்குள் ஒளி பரவியிருக்கும் விதத்தையும் பொறுத்து அந்தக் கோணம் மாறுவதால், அதை ஒவ்வொரு லென்சுக்கும் தனியே கணக்கிட வேண்டியிருக்கிறது.