ஹாம்பர்கர் விற்றவர்களுக்குக் கடன் கொடுத்தது யார்?

இன்னைக்கு ஒரு ஹோட்டல் கம்பெனியோட கடன் கதை. பெயரைச் சொன்னால் சிரிப்பீங்க. மெக்டொனால்ட்ஸ். "அவங்களுக்கு என்னங்க கடன் கஷ்டம்?" என்று கேட்கத் தோன்றும். ஆனால் நான் பேசப்போவது 1955லிருந்து 1967 வரைக்குமான மெக்டொனால்ட்ஸ். அதிலும் முதல் ஆறு வருஷம் அது கையில் காசு இல்லாத, பேங்க்காரர்கள் பெரிதாக மதிக்காத ஒரு சின்னக் கம்பெனி.

ஹோட்டல் தொழிலுக்கு பேங்க் ஏன் தயங்கும் என்பது நம்ம ஊர் ஹோட்டல்காரர்களுக்கே தெரியும். ஈடு காட்ட என்ன இருக்கு? அடுப்பு, பாத்திரம், நாலு மேஜை. கட்டடம் வாடகை. நேற்று நடந்த வியாபாரத்தை அடமானம் வைக்க முடியாது. அதனால்தான் மளிகைக் கடை பாக்கி, மண்டி பாக்கி, சொந்தக்காரர்களிடம் கைமாத்து என்றே பல ஹோட்டல்கள் ஓடுகின்றன. சிகாகோவில் க்ராக் ஆரம்பித்த கம்பெனிக்கும் இதே பிரச்சனைதான். இன்னும் ஒரு படி மோசம், ஏனென்றால் அந்தக் கம்பெனியிடம் பெரும்பாலும் அடுப்புகூட இல்லை.

கதை இப்படி. ரே க்ராக் மில்க் ஷேக் அடிக்கிற மிஷின் விற்பவர். கலிஃபோர்னியாவில் சான் பெர்னார்டினோ என்ற ஊரில் மெக்டொனால்ட் சகோதரர்கள், ரிச்சர்ட், மாரிஸ் என்ற இரண்டு பேர், 15 சென்ட்டுக்கு ஹாம்பர்கர் விற்றுக்கொண்டிருந்தார்கள். 1954இல் க்ராக் அந்தக் கடையைப் போய்ப் பார்த்தார். இதே மாதிரி கடைகளை நாடு முழுக்க ஃபிரான்சைஸ் கொடுக்க அவர்களிடம் ஒப்பந்தம் போட்டார். 1955 ஏப்ரலில் சிகாகோ பக்கத்தில் டெஸ் ப்ளெய்ன்ஸில் அவருடைய முதல் கடை திறந்தது.

ஒப்பந்தத்தைப் படித்தால் வியாபாரி எழுதினதா என்று சந்தேகம் வரும். ஃபிரான்சைஸ் எடுக்கிறவர் ஒரு தடவை 950 டாலர் கட்டணும். அப்புறம் விற்பனையில் 1.9 சதவீதம் தரணும். அந்த 1.9இல் 0.5 சகோதரர்களுக்குப் போய்விடும். மீதி 1.4தான் க்ராக் கம்பெனிக்கு. கடைக்காரர் 100 டாலருக்கு விற்றால் இவருக்கு 1 டாலர் 40 சென்ட். இந்தக் காசில் ஆபீஸ் நடத்தணும், கடைகளைச் சோதனை போடணும், புது இடம் தேடணும். 1961 வரை க்ராக் இந்தக் கம்பெனியில் சம்பளமே எடுக்கவில்லை. மிக்ஸர் வியாபாரத்தில் வந்த காசில்தான் குடும்பம் ஓடியது.

இந்த இடத்தில் ஹாரி சோனபார்ன் வருகிறார். டேஸ்டி ஃப்ரீஸ் என்ற ஐஸ்க்ரீம் கம்பெனியில் பெரிய பதவியில் இருந்தவர். அதை விட்டுவிட்டு வாரம் 100 டாலருக்கு க்ராக்கிடம் சேர்ந்தார். ஹாம்பர்கர் மேல் அவருக்கு எந்தப் பாசமும் கிடையாது. கணக்கு மேல்தான் பாசம். க்ராக் பன் எவ்வளவு மிருதுவாக இருக்கணும் என்று பேசுகிற ஆள். இவர் பன் விற்கிற இடம் யாருடையது என்று கேட்கிற ஆள்.

1956இல் சோனபார்ன் யோசனைப்படி ஃபிரான்சைஸ் ரியல்டி கார்ப்பரேஷன் என்று ஒரு துணைக் கம்பெனி ஆரம்பித்தார்கள். மூலதனம் 1,000 டாலர். அவ்வளவுதான். இந்தக் கம்பெனி ரோட்டோரத்தில் ஒரு காலி மனையை 20 வருஷக் குத்தகைக்கு எடுக்கும். அதைக் கடை நடத்துகிறவருக்கு உள்குத்தகைக்கு விடும். வாடகைக்கு மேல் முதலில் 20 சதவீதம் வைத்தார்கள், பிறகு 40 ஆக்கினார்கள். இல்லாவிட்டால் விற்பனையில் 5 சதவீதம். இரண்டில் எது அதிகமோ அது. உதாரணத்துக்கு, மனைக்காரருக்கு மாசம் 600 டாலர் வாடகை என்றால், கடைக்காரர் குறைந்தது 840 தரணும். அவருடைய மாச விற்பனை 20,000 டாலர் என்றால் 1,000 தரணும். வியாபாரம் படுத்தாலும் 240 கம்பெனிக்கு வரும். வியாபாரம் ஏறினால் வாடகையும் கூடவே ஏறும்.

சரி, மனை கிடைத்துவிட்டது. கட்டடம் கட்டக் காசு? இதுதான் இந்த எபிசோடோட மையம், கொஞ்சம் மெதுவாகச் சொல்றேன்.

மனை இன்னொருத்தருடையது. அதை ஈடாகக் காட்டித்தான் கட்டடம் கட்டக் கடன் வாங்கணும். அதற்கு மனைக்காரர் சம்மதிக்கணும். சும்மா சம்மதித்தால் போதாது. நாளைக்குக் கடன் திரும்பி வராவிட்டால், நிலத்தின் மேல் முதல் உரிமை கடன் கொடுத்தவருக்கு, எனக்கு அதற்கு அடுத்ததுதான் என்று எழுதித் தரணும். யோசித்துப் பாருங்க. நீங்க மாச வாடகைக்கு மனையை விடுறீங்க. குத்தகைக்கு எடுத்தவர் நொடித்தால் வாடகை மட்டும் போகாது, மனையே போகும். இதற்கு அமெரிக்காவில் ஊர் ஊராக மனைக்காரர்கள் கையெழுத்துப் போட்டார்கள். பலருக்கு அது சும்மா கிடந்த இடம். 20 வருஷ வாடகை நிச்சயம் என்பது பெரிய ஆசை. ஆனாலும் அந்தக் காலத்தில் இந்தக் கம்பெனிக்காக அதிக ஆபத்தைச் சுமந்தவர்கள் இவர்கள்தான் என்று எனக்குத் தோணுது. கம்பெனி வரலாற்றில் இவர்கள் பெயர் வருவதே இல்லை.

கடன் முழுச் செலவுக்கும் வராது, கையிலிருந்தும் கொஞ்சம் போடணும். அந்தக் காசு கடைக்காரரிடமிருந்து வந்தது. ஃபிரான்சைஸ் எடுக்கிறவர் 7,500 டாலர் டெபாசிட் கட்டணும். 15 வருஷம் கழித்துப் பாதி, 20 வருஷம் முடிந்ததும் மீதி. பெயர்தான் டெபாசிட். என் கணக்கில் அது கடைக்காரர் தன் முதலாளிக்குக் கொடுத்த நீண்ட காலக் கடன். ஆக மனை ஒருத்தருடையது, முன்பணம் இன்னொருத்தருடையது, மீதி கடன். அதில் நிற்கும் கட்டடம் மட்டும் கம்பெனிச் சொத்து. அடுத்த தடவை கடன் கேட்கப் போகும்போது சோனபார்ன் ஹாம்பர்கர் பற்றிப் பேசவேண்டியதில்லை, வாடகைப் பத்திரங்களை எடுத்து மேஜையில் வைத்தால் போதும்.

இப்படி அடுத்தவர் காசில் நிற்கிற கட்டடம் எவ்வளவு லேசானது என்பது 1959இல் தெரிந்தது. ஒரு கட்டடக் கான்ட்ராக்டர், மனையும் நானே பார்க்கிறேன், கடையும் நானே கட்டித் தருகிறேன் என்று வந்தார். பல இடங்களில் வேலை நடந்தது. ஆனால் அவர் தர வேண்டியவர்களுக்குப் பணம் தரவில்லை. அவர்கள் கட்டடங்களின் மேல் உரிமை கோரிவிட்டார்கள். மொத்தம் சுமார் 4 லட்சம் டாலர். அதைக் கட்டக் கம்பெனியிடம் காசு இல்லை. கதை அங்கேயே முடிந்திருக்கும்.

காப்பாற்றியது பேங்க் இல்லை. கடைகளுக்குச் சரக்கு கொடுத்துக்கொண்டிருந்த சப்ளையர்கள். அவர்களில் சிலர் சேர்ந்து சுமார் 3 லட்சம் டாலர் கடன் கொடுத்தார்கள். நம்ம மளிகைக் கடைக்காரர் பாக்கியைத் தள்ளிப்போடுவாரே, அதேதான், கொஞ்சம் பெரிய அளவில். கம்பெனி மூழ்கினால் அவர்கள் வியாபாரமும் சேர்ந்து மூழ்கும். அது ஒரு காரணம். இன்னொன்று, க்ராக் சப்ளையர்களிடம் கமிஷன் வாங்குவதில்லை. விலையைக் குறைத்து அதைக் கடைக்காரருக்குக் கொடு என்பார். அந்த நாணயம் அன்றைக்குக் கைகொடுத்தது என்று நினைக்கிறேன்.

அடுத்த வருஷம், 1960இல், சோனபார்ன் பெரிய இடத்துக்குப் போனார். காப்பீட்டு நிறுவனங்களிடமிருந்து 15 லட்சம் டாலர் கடன். வட்டி மட்டும் போதாது, பங்கும் வேணும் என்றார்கள். கம்பெனியின் 22.5 சதவீதம் கைமாறியது. அப்போது பங்கு வைத்திருந்தவர்கள் மூன்று பேர். க்ராக், சோனபார்ன், அப்புறம் க்ராக்கின் செயலாளர் ஜூன் மார்ட்டினோ. சம்பளம் சரியாகக் கொடுக்க முடியாத காலத்தில் சோனபார்னுக்கு 20 சதவீதமும் மார்ட்டினோவுக்கு 10 சதவீதமும் பங்காகக் கொடுத்திருந்தார் க்ராக். மூன்று பேரும் அவரவர் பங்கிலிருந்து 22.5 சதவீதம் விட்டுக்கொடுத்தார்கள். க்ராக்குக்கு இது வலித்தது. சோனபார்ன் கணக்கு வேற. ஒரு காப்பீட்டு நிறுவனம் நம்பிவிட்டால் அடுத்தவர் கேள்வி கேட்கமாட்டார். சில வருஷங்களில் அந்த நிறுவனங்கள் பங்கை 70 லட்சத்துக்கும் 1 கோடிக்கும் இடைப்பட்ட தொகைக்கு விற்றன என்று க்ராக் தன் சுயசரிதையில் எழுதுகிறார்.

1961இல் சகோதரர்களோடு உறவு கசந்தது. ஒப்பந்தப்படி ஒரு சின்ன மாற்றத்துக்கும் அவர்கள் எழுத்தில் சம்மதம் தரணும். விலகிக்கொள்ள என்ன வேணும் என்று க்ராக் கேட்டார். 27 லட்சம் டாலர் என்றார்கள். வரி போக ஆளுக்கு 10 லட்சம் கையில் நிற்கணும். ரொக்கமாக வேணும். சான் பெர்னார்டினோ கடையும் அவர்களிடமே இருக்கும். க்ராக்குக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் வேற வழி இல்லை.

நியூயார்க்கில் பண முதலீடுகளைக் கவனிக்கும் ஜான் பிரிஸ்டல் என்பவரைப் பிடித்தார் சோனபார்ன். அவருடைய வாடிக்கையாளர்கள் பல்கலைக்கழகங்கள், அறக்கட்டளைகள் மாதிரியான நிறுவனங்கள். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகமும் அதில் ஒன்று. மொத்தம் 12 பேர், அதனால் பன்னிரு அப்போஸ்தலர்கள் என்று பட்டப்பெயர்.

இந்தக் கடனின் அமைப்பு எனக்கு ரொம்பப் பிடிச்சது. சகோதரர்களுக்குப் போய்க்கொண்டிருந்த 0.5 சதவீதம் இருக்கு இல்லையா, அந்தக் காசையே கடன்காரர்கள் பக்கம் திருப்பிவிட்டார்கள். முதல் கட்டத்தில் விற்பனையில் 0.4 சதவீதம் கட்டணும், 0.1 பாக்கி நிற்கும். அதில் 6 சதவீத வட்டி போக மீதி அசலில் கழியும். அசல் தீர எவ்வளவு காலம் ஆகிறதோ, அதே அளவு காலத்துக்கு இரண்டாம் கட்டம். அதில் 0.5 சதவீதம் முழுக்க அவர்களுக்கு போனஸ். மூன்றாவதாக, நிறுத்திவைத்த 0.1. கடைக்காரர்களுக்கு இதில் ஒரு சென்ட் கூடவில்லை. இதெல்லாம் 1991 வரை நீளும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். விற்பனை ஏறிய வேகத்தில் 1972இல் முடிந்துவிட்டது. 27 லட்சத்துக்கு மொத்தம் சுமார் 1 கோடியே 40 லட்சம் டாலர் போனது. அநியாய வட்டி என்று சொல்லலாம். ஆனால் அந்த 0.5ஐ ஒப்பந்தம் முடியும்வரை சகோதரர்களுக்கே கட்டியிருந்தால் அதைவிடப் பல மடங்கு போயிருக்கும்.

1965 ஏப்ரலில் கம்பெனி பங்குச் சந்தைக்கு வந்தது. பங்கு 22 டாலர் 50 சென்ட். முதல் நாளே 30இல் முடிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. பொருளாதாரம் சரியப்போகிறது என்று சோனபார்ன் பயந்தார். புதுக் கட்டடம் வேண்டாம், கடனைக் குறைப்போம் என்று விரிவாக்கத்துக்குக் கடிவாளம் போட்டார். க்ராக்குக்குப் பொறுக்கவில்லை. இரண்டு பேரும் பேசிக்கொள்வதே குறைந்துபோச்சு. 1967இல் சோனபார்ன் கம்பெனியை விட்டு விலகினார், தன் பங்குகளையும் விற்றுவிட்டார். கட்டட வேலைகளை க்ராக் மறுபடி ஆரம்பித்தார்.