ஏரோதின் கோட்டையும் குழந்தையின் சிற்றிலும்

திண்டுக்கல் சமவெளியில் பயணம் செய்வோர் கண்களில் ஊருக்கு முன்பே தோன்றுவது ஊரின் நடுவே நிற்கும் அந்தக் கற்குன்று. திண்டு போன்ற கல் என்பதால் ஊருக்கே அப்பெயர் அமைந்தது என்பர். அக்குன்றின் உச்சியில் 1605-ஆம் ஆண்டில் மதுரை நாயக்க மன்னர் முத்துகிருஷ்ணப்பர் கோட்டை எழுப்பினார். பின்னர் திருமலை நாயக்கர் அதனை வலுப்படுத்தினார். மைசூர் அரசின் சார்பில் 1755-இல் இங்கு வந்த ஐதர் அலி, பிரெஞ்சு வல்லுநரின் துணையோடு படைக்கலச் சாலை ஒன்றை நிறுவினார். 1783-இல் ஆங்கிலேயர் கோட்டையைக் கைப்பற்றினர். 1784-இல் மங்களூர் உடன்படிக்கைப்படி திருப்பிக் கொடுத்தனர். 1790-இல் மீண்டும் கைப்பற்றினர். 1792-இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் நிலையாகவே பெற்றனர். கட்டி முடித்து இருநூறு ஆண்டுகள் நிறைவதற்குள் அக்கோட்டை நாயக்கர், மைசூரார், ஆங்கிலேயர் என மூன்று ஆட்சிகளைக் கண்டுவிட்டது.

இவையெல்லாம் வரலாற்று நூல்களில் உள்ளவை. கோட்டைகளை எழுதுவதில் வரலாறு சலிப்பதே இல்லை. ஆனால் அதே குன்றின் அடிவாரத்தில், அதே நானூறு ஆண்டுகளாக, மற்றொரு கட்டுமானமும் இடையறாது நடந்து வந்திருக்கிறது. ஈர மணலைக் குவித்து, பாதத்தின்மேல் பூசித் தட்டி, மெல்லக் காலை உருவிக்கொண்டு, அதனை வீடு என்றும் கோட்டை என்றும் பெயரிட்டு மகிழ்ந்த சிறுவர் சிறுமியரின் கட்டுமானமே அது. அதற்குக் கல்வெட்டு இல்லை, உடன்படிக்கையும் இல்லை. ஆயினும் அதற்கென ஒரு வரலாறு உண்டு. குடும்பங்களாகிய நாம் அறிந்துகொள்ள வேண்டிய வரலாறு அது.

தமிழன் அதற்கு இட்ட பெயர் சிற்றில். சிறிய இல்லம் என்பது பொருள். கலித்தொகையில் ஒரு தலைவி, சிறுவயதில் தாங்கள் கட்டிய மணல் வீட்டைக் காலால் சிதைத்த குறும்பனைத் தன் தோழிக்கு நினைவூட்டுகிறாள். ஆண்டாள் தம் நாச்சியார் திருமொழியில், தங்கள் சிற்றிலை அழிக்க வேண்டா எனக் கண்ணனிடம் மன்றாடும் சிறுமியரின் குரலில் ஒரு பதிகமே பாடினார். பின்னர் வந்த பிள்ளைத்தமிழ் நூல்கள் ஆண்பாற் குழந்தைக்குரிய பத்துப் பருவங்களில் எட்டாவதாகச் சிற்றில் பருவத்தை வைத்தன. சிறுமியர் வீடு கட்டுவர். சிறுவன் சிதைக்க வருவான். சிதைக்காதே என அவனை இரந்து நிற்பதே அப்பருவத்தின் பொருள். நம் திருமறைக்கும் அம்மரபு அயலானதன்று. 1985-இல் அருள் செல்லத்துரை இயேசுபிரான் பிள்ளைத்தமிழ் பாடி, பாலன் இயேசுவை அத்தமிழ்த் தொட்டிலில் கிடத்தினார்.

இம்மரபை ஊன்றிக் கவனிக்கும்போது ஓர் உண்மை புலப்படுகிறது. சிற்றில் காட்சியில் கட்டுவோர் உளர், சிதைப்போன் உளன், பாடும் புலவரும் உளர். ஆனால் தந்தையும் தாயும் குழந்தையோடு மணலில் அமர்ந்து கட்டும் காட்சி அங்கே இல்லை. விளையாட்டு என்பது பிள்ளைகளின் தனி உலகம். பெரியவர்கள் திண்ணையில் அமர்ந்து பார்த்தால் போதும் என்றே நம் முன்னோர் எண்ணியிருக்க வேண்டும். கூட்டுக் குடும்பமும் தெரு நிறைந்த பிள்ளைகளும் இருந்த காலத்தில் அதனால் குறையொன்றும் நேரவில்லை. ஒரு பிள்ளை, இரு பிள்ளை என வீடு சுருங்கி, தெருவும் வாகனங்களுக்கு உரியதாகிவிட்ட இக்காலத்தில், குழந்தையோடு அமர்ந்து கட்டுவதற்கு யார் இருக்கிறார்கள்?

பெரியவர் குழந்தையோடு அமரவேண்டும் என்பதை ஒரு கல்விக் கொள்கையாகவே வகுத்தவர் செர்மானியரான பிரடெரிக் ஃபிரோபெல். 1782-இல் பிறந்த அவர், ஒன்பது மாதக் குழந்தையாய் இருந்தபோதே தாயை இழந்தவர். தாய்மடியின் இனிமையை அறியாது வளர்ந்த அம்மனிதரே, பின்னாளில் தாயும் சேயும் சேர்ந்து விளையாடுவதைப் பற்றி ஆழ்ந்து சிந்தித்தார். 1837-இல் பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் சிறுவர்க்கான நிலையம் ஒன்றைத் தொடங்கி, 1840-இல் அதற்குக் 'கிண்டர்கார்டன்', அதாவது குழந்தைகளின் தோட்டம், எனப் பெயர் சூட்டினார். நம் ஊர்ப் பள்ளிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. என வழங்குவதன் மூலவேர் இதுவே.

ஃபிரோபெல் குழந்தைகளுக்கென வகுத்த விளையாட்டுப் பொருள்களை 'கொடைகள்' என்று அழைத்தார். அவற்றுள் மூன்றாவது, எட்டுச் சிறு கனசதுரங்களாகப் பிரியக்கூடிய ஒரு மரக் கனசதுரம். அதனைக் கையாள அவர் இரு நெறிகளைக் கற்பித்தார். கட்டும்போது எந்தத் துண்டையும் வேண்டாததென ஒதுக்கலாகாது என்பது ஒன்று. முன்பு கட்டியதை இடித்துத் தள்ளாமல், கட்டைகளை இடம் மாற்றி மாற்றியே புதிய உருவத்தைக் காணவேண்டும் என்பது மற்றொன்று. நாற்காலி மெல்ல மாறிப் படிக்கட்டாகும். படிக்கட்டு மாறிக் கோபுரமாகும். யாரையும் ஒதுக்காமல், இருப்பதை அழிக்காமல் புதியது காண்பது குடும்ப வாழ்வுக்கும் எத்துணைப் பொருத்தமான நெறி! 1851-இல் பிரஷ்ய அரசு இத்தோட்டங்களைத் தடைசெய்தது. மறு ஆண்டு ஃபிரோபெல் இறந்தார். தடை நீங்கியது 1860-இல்தான். குழந்தைகளின் மரக்கட்டைகளைக் கண்டும் ஓர் அரசு அஞ்சியிருக்கிறது!

அடுத்து வருபவர் நம் மாவட்டத்தோடே தொடர்புடையவர். இத்தாலிய மருத்துவரும் கத்தோலிக்கருமான மரியா மாண்டிசோரி அம்மையார், 1907-ஆம் ஆண்டு சனவரி 6-ஆம் நாள், திருக்காட்சிப் பெருவிழா அன்று, உரோமை நகரின் ஏழை மக்கள் வாழும் சான் லொரென்சோ பகுதியில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். 1939-இல் பிரம்மஞான சபையாரின் அழைப்பை ஏற்றுச் சென்னை அடையாற்றுக்கு வந்தார். மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதும் அம்மையாரும் அவர் மகன் மாரியோவும் ஆங்கில அரசுக்குப் பகை நாட்டினர் ஆயினர். மகன் காவலில் வைக்கப்பட்டார். 1940 ஆகஸ்டு 31 அன்று, தாயின் எழுபதாவது பிறந்தநாளில், அவர் விடுவிக்கப்பட்டுத் தாயிடம் சேர்க்கப்பட்டார். போர்க்காலத்தில் தாயும் மகனுமாக ஏறத்தாழ ஈராண்டுகள் தங்கி உழைத்த இடம் கொடைக்கானல். அன்று மதுரை மாவட்டத்தில் இருந்த அம்மலையூர், 1985-இல் திண்டுக்கல் தனி மாவட்டமானபோது நம்மோடு இணைந்தது.

அந்தத் தாய்க்கும் மகனுக்கும் ஒரு துயரக் கதை உண்டு. 1898-இல் பிறந்த மாரியோவைத் தம்முடன் வைத்து வளர்க்க முடியாத சூழல் அம்மையாருக்கு இருந்தது. பிறர் வீட்டில் வளர்ந்த மகன், பதின்பருவத்தில்தான் தாயோடு வந்து சேர்ந்தார். உலகக் குழந்தைகளுக்கெல்லாம் வழிகாட்டிய தாய், தம் மகனின் குழந்தைப் பருவத்தை அருகிருந்து காணவில்லை. அவ்விருவரும் ஒன்றாய் அமர்ந்து பணிசெய்த மலை, நம் சமவெளியிலிருந்து அண்ணாந்தால் தெரிகின்ற மலை.

மாண்டிசோரி முறையில் இளஞ்சிவப்புக் கோபுரம் என்று ஒன்று உண்டு. ஒரு சென்டிமீட்டரில் தொடங்கிப் பத்து சென்டிமீட்டர் வரை அளவுள்ள பத்து மரக் கனசதுரங்கள் அவை. பெரியதைக் கீழும் சிறியதை மேலுமாகக் குழந்தை அடுக்கவேண்டும். அளவு தவறினால் கோபுரமே அதைக் காட்டிக்கொடுக்கும்; ஆசிரியர் குறுக்கிட வேண்டியதில்லை. ஃபிரோபெல் பெரியவரைக் குழந்தையின் அருகே அமரச் சொன்னார்; மாண்டிசோரி, அமர்ந்தபின் கையை அடக்கச் சொன்னார். பெற்றோர்க்கு இரண்டுமே தேவை. அருகே அமராத தந்தை குழந்தையை இழக்கிறார். அமர்ந்ததும் தாமே எல்லாவற்றையும் கட்டி முடிக்கும் தந்தை, குழந்தையை வேடிக்கை பார்ப்பவனாக்குகிறார்.

மூன்றாவதாக ஒரு தச்சர். டென்மார்க்கின் பில்லுண்டு என்னும் சிற்றூரைச் சேர்ந்த ஓலே கிர்க் கிறிஸ்டியான்சென், உலகப் பொருளாதார வீழ்ச்சியில் வேலையிழந்து தவித்த 1932-ஆம் ஆண்டில் மனைவியையும் இழந்தார். கையில் நான்கு ஆண்பிள்ளைகள். அந்த ஆண்டில்தான் அவர் மரப் பொம்மைகள் செய்யத் தொடங்கினார். 'நன்றாக விளையாடு' எனப் பொருள்படும் இரு டேனியச் சொற்களைச் சுருக்கி 1934-இல் தம் தொழிலுக்கு 'லெகோ' எனப் பெயரிட்டார். மகன் கோட்ஃபிரெட் சிறுவயது முதலே பட்டறையில் உடனுழைத்தார். ஒருமுறை அவர் மர வாத்துகளுக்கு மூன்று பூச்சு வண்ணத்துக்குப் பதிலாக இரண்டே பூச்சு பூசிச் செலவை மிச்சப்படுத்தியதாகப் பெருமையோடு கூற, தந்தையோ அனுப்பிய சரக்கை இரவோடு இரவாகத் திரும்பக் கொணர்ந்து மூன்றாம் பூச்சு பூசச் செய்தார் என அக்குடும்பத்தார் நினைவுகூர்வர். 1949-இல் பிளாஸ்டிக் கட்டைகள் வந்தன. ஒன்றை ஒன்று இறுகப் பற்றும் இன்றைய அமைப்புக்கு 1958 சனவரி 28 அன்று காப்புரிமை கோரப்பட்டது. சில வாரங்களில் முதியவர் கண்மூடினார். இருபது ஆண்டுகள் கழித்து, 1978-இல், அக்கட்டைகளால் ஆன மஞ்சள் நிறக் கோட்டை ஒன்று விற்பனைக்கு வந்தது. எட்டுக் குமிழ் கொண்ட ஒரே நிறக் கட்டைகள் ஆறு இருந்தால் அவற்றை 91 கோடியே 51 இலட்சத்து 3 ஆயிரத்து 765 வகைகளில் இணைக்கலாம் எனக் கணக்கிட்டுள்ளனர். ஆறு கட்டைக்கே இத்தனை வழி எனில், ஒரு வீட்டில் உள்ள நான்கு மனங்கள் இணைவதற்கு வழியில்லை எனலாமா?

தாயை இழந்த மகன், மகனைப் பிரிந்த தாய், மனைவியை இழந்த தந்தை என மூவர் இல்லங்களும் உடைந்தவை. உடைந்த வீடுகளிலிருந்துதான் உலகக் குழந்தைகளுக்குக் கட்டுவதற்கான கட்டைகள் கிடைத்தன. இதனைத் தற்செயல் என்பாரும் உண்டு. சிலுவையின் அடியில் நிற்கப் பழகிய நமக்கு அது வெறும் தற்செயலாகத் தோன்றவில்லை.

லெகோ கட்டைகளின் விலை நம்மில் பலருக்கு எட்டாது என்பது உண்மையே. பூட்டுப் பட்டறையிலும் தோல் பதனிடும் சாலையிலும் நூற்பாலையிலும் உழைக்கும் குடும்பங்கள் நிறைந்த ஊர் இது. ஆயினும் தீப்பெட்டி, அட்டைப் பெட்டி, கொட்டாங்குச்சி, ஆற்று மணல் ஆகியவற்றுக்கு விலை ஏது? குறைவாக இருப்பது பொருளன்று. ஷிப்டு முடிந்து திரும்பும் தந்தைக்கும் தாய்க்கும் குழந்தையோடு அமர ஒரு மணிநேரமே குறைவாக இருக்கிறது.

ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை அந்த மணிநேரத்தை நாம் எப்படியோ கண்டுபிடித்துவிடுகிறோம். 1223-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில் புனித பிரான்சிஸ் அசிசியார் கிரேச்சோ என்னும் ஊரில் அமைத்த தொழுவக் காட்சியின் வழிவந்ததே நம் வீட்டுக் குடில். டிசம்பர் வந்ததும் தந்தை சட்டம் அடிப்பார். தாய் வைக்கோல் பரப்புவார். பிள்ளைகள் கசங்கிய தாளுக்கு வண்ணம் பூசி மலையாக்குவர். குடும்பமாகக் கூடிக் கட்டும் கலை நமக்குப் புதிதன்று. அதனை டிசம்பரோடு நிறுத்திக்கொள்வதே நம் குறை.

சில குடில்களில் மலையுச்சியில் ஏரோதின் அரண்மனையையும் வைப்பதுண்டு. அது வெறும் கற்பனையன்று. பெத்லகேமுக்குத் தென்கிழக்கே சுமார் ஐந்து கிலோமீட்டர் தொலைவில், மண்ணைக் குவித்து உயர்த்திய குன்றின்மேல், ஏரோது தன் பெயரால் ஏரோதியம் என்னும் கோட்டை அரண்மனையைக் கட்டியிருந்தான். நம் மீட்பர் பிறந்த ஊரிலிருந்து நோக்கினால், திண்டுக்கல் தெருக்களிலிருந்து நம் குன்று தெரிவதைப் போல, அக்குன்று தெரியும். மசாதாவின் அரணும் எருசலேம் ஆலயத்தின் விரிவாக்கமும் அவன் செய்தவையே. கட்டுவதில் அவனுக்கு இணையானவர் அக்காலத்தில் அரியர். அத்தகையவன் தன் மனைவி மரியாம்னேயைக் கொன்றான். தன் புதல்வர் மூவரையும் கொல்வித்தான். கோட்டைகளை அடுக்கியவனுக்கு ஒரு குடும்பத்தைக் கட்டத் தெரியவில்லை.

அக்கோட்டை தெரியும் தொலைவில், மற்றொருவர் தொழுவத்தில் ஓர் இரவுக்கு மட்டும் ஓர் இல்லம் அமைத்தார். அவர் அரசரல்லர், தச்சர். 1866 முதல் 1872 வரை உழைத்து நம் முன்னோர் எழுப்பிய, இன்று நம் மறைமாவட்டத்தின் பேராலயமாய் விளங்கும் திருக்கோவில் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. புனித வளனார் நாசரேத்துப் பட்டறையில் மகனுக்கு உளி பிடிக்கக் கற்பித்தபோது என்ன பேசினார் என்பதை நற்செய்தியாளர் எவரும் எழுதவில்லை. ஆனால் ஊரார் அம்மகனைத் தச்சர் மகன் என்றே அறிந்திருந்தனர். தந்தையும் மகனும் அருகருகே இருந்ததை ஊர் கண்டிருக்கிறது.

இன்று மாலை பிள்ளை அட்டைப் பெட்டியோடு நம்மை அழைத்தால், தொலைக்காட்சியை அணைத்துவிட்டுத் தரையில் அமர்வோம். எதைக் கட்டுவது என்பதை அவன் சொல்லட்டும், அவள் சொல்லட்டும். சாய்ந்தால் கடிந்துகொள்ளாமல் சிரிப்போம். எந்தத் துண்டையும் ஒதுக்காமல் வைப்போம். இரவு உறங்கப் போகும்போது அக்கோட்டையை உடனே பெருக்கித் தள்ளாமல், விடியும்வரையேனும் அது கூடத்தில் நிற்கட்டும்.