சா பும் குன்

சா பும் குன் (பிறப்பு: 22 மே 1953, ஹ்வாசோங், தென்கொரியா) மேற்கு ஜெர்மனியின் முதல்நிலைக் கால்பந்து லீக்கான புண்டெஸ்லிகாவில் பத்து ஆண்டுகள் ஆடிய முன்கள வீரர். 308 லீக் ஆட்டங்களில் 98 கோல் அடித்தார். அவற்றில் ஒன்றுகூடப் பெனால்டி இல்லை. இரண்டு வெவ்வேறு கிளப்புகளுக்காக ஆடி யூஃபா கோப்பையை இருமுறை வென்றார். ஆனால் தாய்நாட்டின் தொழில்முறை லீக்கில் அவர் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. கொரியாவில் அப்படி ஒரு லீக் தொடங்கியதே 1983இல்தான். அதற்கு நான்கு ஆண்டு முன்பே அவர் ஜெர்மனியில் குடியேறிவிட்டார்.

கொரியா பல்கலைக்கழகத்தில் படித்த சா, 1972இல் பாங்காக்கில் நடந்த ஆசியக் கோப்பையில் 18 வயதிலேயே தேசிய அணிக்காக ஆடினார். அவரை நாடறியச் செய்தது 1976இல் சியோலில் மலேசியாவுடன் நடந்த ஆட்டம். கொரியா 1-4 எனப் பின்தங்கி, பார்வையாளர்கள் நம்பிக்கை இழந்திருந்த வேளையில், கடைசிச் சில நிமிடங்களில் சா அடுத்தடுத்து மூன்று கோல் அடித்து ஆட்டத்தை 4-4 எனச் சமன் செய்தார். 1978 பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதியில் தென்கொரியாவும் வடகொரியாவும் கோலின்றிச் சமநிலை கண்டு தங்கத்தைப் பகிர்ந்துகொண்டன. அந்த அணியிலும் அவர் இருந்தார்.

அந்தப் போட்டி முடிந்த கையோடு ஜெர்மனி சென்ற சா, டார்ம்ஸ்டாட் 98 அணியில் சேர்ந்தார். 1978 டிசம்பர் 30 அன்று போஹும் அணிக்கு எதிராக முதல் ஆட்டம். டார்ம்ஸ்டாட்டுக்காக அதுவே அவருடைய கடைசி ஆட்டமும் ஆயிற்று. கொரியாவில் ஆண்களுக்கு ராணுவப் பணி கட்டாயம். சா விமானப்படையில் இருந்தார். பணிக்காலம் முடியவில்லை என்று சொல்லி, ஊர் திரும்பியவரை அதிகாரிகள் மீண்டும் முகாமுக்கு அனுப்பினார்கள். நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர், 25 வயதில், ஐரோப்பிய லீக்கில் காலடி வைத்த பிறகு, 1979 மே இறுதிவரை காத்துக்கிடந்தார். இந்த ஐந்து மாத இழுபறியில் அவருடைய ஐரோப்பிய வாழ்க்கையே நின்றுபோயிருக்கக்கூடும். அவரது திறமையை மட்டும் சொல்லி இந்தக் காத்திருப்பை விட்டுவிட்டால் கதை முழுமையாகாது.

1979 கோடையில் ஐன்ட்ராக்ட் ஃபிராங்க்ஃபுர்ட் அவரை ஒப்பந்தம் செய்தது. ஜெர்மன் லீக்குக்கு வந்த முதல் ஆசியர் அவர் அல்லர். ஜப்பானின் யாசுஹிகோ ஒகுதேரா 1977இலேயே கொலோன் அணிக்கு வந்திருந்தார். ஆனாலும் எதிரணித் தற்காப்பு வீரர்கள் அஞ்சும் கோல் அடிப்பவராக ஆசியர் ஒருவர் நிலைபெற்றது சா காலத்தில்தான். வேகமான ஓட்டம், இரு காலாலும் வலுவான அடி, உயர எழும்பித் தலையால் முட்டும் திறன் ஆகியவற்றைக் கண்ட ரசிகர்கள் அவரைச் 'சா பூம்' என்று அழைத்தார்கள். 1960களிலும் 70களிலும் கொரியாவிலிருந்து ஆயிரக்கணக்கானோர் சுரங்கத் தொழிலாளர்களாகவும் செவிலியர்களாகவும் மேற்கு ஜெர்மனிக்கு வந்திருந்தார்கள். அவர்களுடைய ஊர்க்காரர் ஒருவரின் பெயரை ஜெர்மானியர்கள் இப்போது அரங்கத்தில் உரக்கச் சொன்னார்கள்.

முதல் பருவத்திலேயே 12 லீக் கோல். அந்தப் பருவத்தின் யூஃபா கோப்பை முதல் சுற்றில் அபர்டீன் அணிக்கு எதிராக ஸ்காட்லாந்து மண்ணில் கோல் அடித்தார். இறுதிச் சுற்றில் ஃபிராங்க்ஃபுர்ட், மன்ஷன்கிளாட்பாக் அணியிடம் வெளியூரில் 2-3 எனத் தோற்று, சொந்த ஊரில் 1-0 என வென்றது. மொத்தக் கோல்கள் சமமாக இருந்தாலும், வெளியூரில் கூடுதல் கோல் அடித்திருந்ததால் கோப்பை ஃபிராங்க்ஃபுர்ட்டுக்கு வந்தது.

மூன்று மாதம் கழித்து, 1980 ஆகஸ்டில், பாயர் லெவர்குசன் வீரர் யூர்கன் கெல்ஸ்டார்ஃப் பின்னாலிருந்து மோதியதில் சாவின் இடுப்புப் பகுதி முதுகெலும்பு முறிந்தது. கொதித்துப்போன ஃபிராங்க்ஃபுர்ட் ரசிகர்களிடமிருந்து கெல்ஸ்டார்ஃபுக்கு மிரட்டல்கள் வந்தன. சா அவர்மீது பகை பாராட்டவில்லை. அதே பருவத்தில் குணமாகித் திரும்பி, 1981 ஜெர்மன் கோப்பை இறுதியில் கைசர்ஸ்லவுட்டர்னை 3-1 என வென்ற ஆட்டத்தில் ஒரு கோலும் அடித்தார். 1983இல் ஃபிராங்க்ஃபுர்ட் பண நெருக்கடியில் சிக்கியபோது சா லெவர்குசனுக்கு மாறினார். கெல்ஸ்டார்ஃப் இன்னும் அங்கேதான் ஆடிக்கொண்டிருந்தார். இருவரும் ஒரே அணியின் சட்டையில் மூன்று பருவங்கள் சேர்ந்து ஆடினார்கள்.

இந்த ஆண்டுகளில் தேசிய அணி அவரில்லாமலே ஆடியது. 1982 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் கொரியா குவைத்திடம் தோற்று வெளியேறியபோது சா ஐரோப்பாவில் இருந்தார். 1985-86 பருவத்தில் 17 கோல் அடித்ததே லீக்கில் அவருடைய உச்சம். அதே ஆண்டு, 32 ஆண்டுகளுக்குப் பிறகு கொரியா மீண்டும் உலகக் கோப்பைக்குத் தேர்வாக, சா அணிக்கு அழைக்கப்பட்டார். அர்ஜென்டினா, பல்கேரியா, இத்தாலி ஆகிய அணிகளோடு மூன்று ஆட்டங்கள். அவர் கோல் அடிக்கவில்லை. 33 வயதில் கிடைத்த அந்த ஒரே உலகக் கோப்பை, அவருக்குத் தாமதமாக வந்த வாய்ப்பு.

1988 மே 18 ஆட்டத்தை அவருடைய வாழ்வின் உச்சம் எனலாம். யூஃபா கோப்பை இறுதியின் முதல் ஆட்டத்தில் எஸ்பான்யோல் அணியிடம் லெவர்குசன் 0-3 எனத் தோற்றிருந்தது. சொந்த மைதானத்தில் நடந்த மறு ஆட்டத்தில் இடைவேளை வரை கோலே விழவில்லை. 57ஆம் நிமிடத்தில் தீட்டா, 63ஆம் நிமிடத்தில் கெட்ஸ். 81ஆம் நிமிடத்தில் வந்த பந்தைச் சா தலையால் முட்டி வலைக்குள் அனுப்ப, மொத்தக் கணக்கு 3-3 ஆனது. பெனால்டி மோதலில் லெவர்குசன் 3-2 என வென்றது. அந்தக் கிளப்பின் முதல் பெரிய கோப்பை அதுதான். சாவுக்கு 35 வயது நிறைய இன்னும் நான்கு நாள் இருந்தது.

1989இல் ஓய்வு பெற்று ஊர் திரும்பிய சா, சிறுவர்களுக்கான கால்பந்துப் பள்ளி நடத்தினார்; பயிற்சியாளரும் ஆனார். 1998 உலகக் கோப்பையில் அவர் பயிற்றுவித்த கொரிய அணி நெதர்லாந்திடம் 0-5 எனத் தோற்றதும், இன்னும் ஒரு ஆட்டம் மீதமிருக்கையில் கொரியக் கால்பந்துச் சங்கம் அவரைப் பதவி நீக்கியது. அது மிகக் கடுமையான தண்டனை. பின்னர் சுவோன் புளூவிங்ஸ் அணியை 2004, 2008 ஆகிய ஆண்டுகளில் லீக் சாம்பியனாக்கினார். 1980இல் ஃபிராங்க்ஃபுர்ட்டில் பிறந்த மகன் சா டு ரி 2002 உலகக் கோப்பையில் கொரியாவுக்காக ஆடினார்.

ஐரோப்பாவில் சா அடித்த மொத்தக் கோல்கள் 121. கொரியர்களில் அதை 2019 நவம்பரில் சோன் ஹியுங் மின் தாண்டினார். அதே மாதம் ஜெர்மனி அரசு சாவுக்குத் தன் சிறப்பு விருதான கூட்டாட்சிச் சிலுவையை வழங்கியது. புண்டெஸ்லிகாவில் 98 கோல் என்ற அவருடைய கணக்கை இன்றுவரை எந்த ஆசிய வீரரும் எட்டவில்லை.