மூர் என்ற சொல் எங்கிருந்து வந்தது?



நமது பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் இனம் என்ற இடத்தில் இலங்கைச் சோனகர் என்று இருக்கும். ஆங்கிலத்தில் அது மூர். இதை வைத்து, நாம் மொறோக்கோவிலிருந்து வந்தவர்கள் என்று நம்மவர்களிலேயே சிலர் சொல்கிறார்கள். நம்மை வந்தேறிகள் என்பவர்களுக்கும் அது வசதியாகப் போய்விடுகிறது.

ஆங்கில அகராதியைப் புரட்டும் பிள்ளைகள் முதலில் குழம்புவார்கள். மூர் என்றால் புதர் மண்டிய தரிசு நிலம். கப்பலைக் கட்டுவதும் மூர்தான். இரண்டும் ஜெர்மானிய வேர்களில் வந்தவை. எழுத்து ஒத்துப்போனதே தவிர, நமக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை.

நம்முடைய மூர் லத்தீனிலிருந்து வந்தது. இன்றைய மொறோக்கோவும் அல்ஜீரியாவின் மேற்குப் பகுதியும் சேர்ந்த நிலத்தை உரோமர் மௌரெத்தானியா என்றார்கள். அங்கே வாழ்ந்தவர் மௌருஸ். இது இஸ்லாத்துக்கு மிக முந்திய காலம். 711இல் தாரிக் இப்னு ஸியாதுடன் ஸ்பெயினுக்குக் கடல் கடந்தவர்களில் பெரும்பாலோர் அந்தப் பக்கத்து பெர்பர்கள். அதன்பின் ஸ்பானியரின் மோரோவும் போர்த்துக்கேயரின் மௌரோவும் அரபி, பெர்பர், இஸ்லாத்தைத் தழுவிய உள்ளூரவர் என்ற பேதமின்றி எல்லா முஸ்லிம்களையும் குறித்தன.

வேறு இடங்களில் அது நிறத்தின் பெயராயிற்று. இத்தாலியில் மோரோ என்றால் கருமுடிக்காரர். ஜெர்மனில் மோர் (நாம் குடிக்கும் மோர் அல்ல) கறுப்பினத்தவரைக் குறித்தது. இன்று அது இழிசொல். ஷேக்ஸ்பியரின் மூரான ஒதெல்லோ அரபியா, கறுப்பினத்தவரா என்று இன்னும் வாதிடுகிறார்கள். போர்த்துக்கேய மொழியில் மௌரெஜார் என்று ஒரு வினைச்சொல் உண்டு. பொருள், மாடாய் உழைத்தல். தோற்றுப்போன மூர்களை அங்கே எப்படி வைத்திருந்தார்கள் என்பதை அறிய அது ஒன்றே போதும்.

இந்தச் சொல்லோடுதான் 1505இல் போர்த்துக்கேயர் இங்கு வந்தார்கள். தம் நாட்டில் போரிட்ட எதிரியின் பெயரை, இங்கே வியாபாரம் செய்துகொண்டிருந்த முஸ்லிம்களுக்கும் ஒட்டினார்கள். நம் ஊரையோ வம்சத்தையோ விசாரித்து வைத்த பெயரல்ல அது. பிலிப்பைன்ஸில் ஸ்பானியரும் இதையே செய்தார்கள். மிந்தனாவோ முஸ்லிம்கள் பின்னாளில் அந்த மோரோவைத் தாமே பெருமையுடன் எடுத்துக்கொண்டார்கள். இங்கே ஒல்லாந்தருக்குப் பின் ஆங்கிலேயர் குடிசன மதிப்பீட்டில் எழுதி நிரந்தரமாக்கினார்கள்.

சோனகர் இதைவிடப் பழைய பெயர். யவனர், யோனகர், சோனகர் என்று திரிந்து வந்தது. யவனர் என்றால் முதலில் கிரேக்கர். அரபிகளைக் குறித்தது பிறகுதான். மொறோக்கோக் கதையைச் சொல்பவர்கள், அதே கணக்கில் நாம் கிரேக்கர் என்றும் சொல்ல வேண்டியிருக்கும்.