கட்டளையும் விவரணமும்: மீளப் பயன்படும் அறிவுறுத்தல்களின் வரலாறு குறித்து ஒரு நோக்கு

கணனியின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் பொறிகளின் வரலாற்றையே எழுதியுள்ளனர். வால்வு, திரான்சிஸ்தர், நுண்சில்லு என்ற வரிசையில் வேகமும் கொள்திறனும் பெருகிய கதை பலராலும் சொல்லப்பட்டதாகும். அப்பொறிகளை இயக்குதற்கென ஒருவர் எழுதிய கட்டளைகளை மற்றொருவர் எவ்வாறு எடுத்தாண்டார் என்ற வினா அத்துணைக் கவனம் பெறவில்லை. செயற்கை நுண்ணறிவு உதவியாளர்களுக்கென அறிவுறுத்தற் கோப்புகளை எழுதிவைத்து, அவற்றை மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் வழக்கம் பரவிவரும் இந்நாளில் அவ்வினா புதிய முக்கியத்துவம் பெறுகின்றது. முற்றிலும் புதியதெனக் கருதப்படும் இவ்வழக்கத்தின் மையச் சிக்கல், 1949ஆம் ஆண்டை அடுத்துக் கேம்பிரிஜ் பல்கலைக்கழகத்தில் எதிர்ப்பட்ட ஒன்றே என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

ஒருமுறை எழுதிய கட்டளைத் தொகுதியைப் பல கணிப்புகளுக்கு எடுத்தாளலாம் என்னும் எண்ணம் கேம்பிரிஜில் முதன்முதல் தோன்றியதன்று. அலன் ரியூறிங் 1945இல் வரைந்த கணிப்பொறித் திட்டத்திலும், கோல்ட்ஸ்ரைன், வொன் நொய்மான் இருவரும் 1947, 1948ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட அறிக்கைகளிலும் அதனைக் காணலாம். ஆயின் அக்காலத்தில் அவ்வெண்ணத்தை நாள்தோறும் பயிலுதற்கேற்ற பொறி அவர்கள் கைவசம் இருக்கவில்லை. 1946இல் வெளியுலகுக்கு அறிமுகமான எனியாக் என்னும் பொறியில், புதியதொரு கணிப்புக்கு வடங்களையும் ஆளிகளையும் மாற்றியமைப்பதற்கே நாட்கள் பல சென்றன.

மொறிஸ் வில்க்ஸ் தலைமையிற் கேம்பிரிஜ் கணித ஆய்வுகூடத்தில் உருவான எட்சாக் பொறி, 1949 மே 6ஆம் நாள் தன் முதல் நிரலை நிறைவேற்றி வர்க்க எண்களின் அட்டவணையொன்றை அச்சிட்டது. துளையிட்ட தாள் நாடாவின் வாயிலாக அதற்குக் கட்டளைகள் ஊட்டப்பட்டன. சில கிழமைகளுள் வில்க்ஸ் சற்றுக் கடினமான கணிப்பொன்றுக்கு நிரல் எழுத முற்பட்டார். அந்நாடா பிற்காலத்தில் ஆராயப்பட்டபோது, அதிலிருந்த 126 கட்டளைகளுள் ஏறத்தாழ இருபது பிழைகள் இருந்தமை புலனாயிற்று. பொறி இருந்த அறைக்கும் துளையிடும் கருவி இருந்த இடத்துக்கும் இடையே படிக்கட்டில் ஏறியிறங்கிய ஒரு பொழுதில், தம் எஞ்சிய வாழ்நாளிற் பெரும்பகுதி தம்முடைய நிரல்களின் பிழைகளைத் தேடுவதிலேயே கழியப்போகின்றதென்ற உணர்வு தம்மைப் பற்றிக்கொண்டதாக அவர் 1985இல் வெளியிட்ட தன்வரலாற்றிற் கூறியுள்ளார். பொறியைக் கட்டிமுடித்தமையோடு வேலை தீர்ந்ததென எண்ணியிருந்த அறிஞர் ஒருவர்க்கு இது சிறிய அதிர்ச்சியாய் இருந்திராது.

பிழையைக் குறைக்கும் வழிகளுள் முதன்மையானது, ஒருமுறை எழுதிச் சோதித்துத் திருத்திய பகுதியை மீண்டும் எழுதாதிருத்தலாகும். இப்பணியிற் பெரும்பங்கு கொண்டவர் அப்போது ஆராய்ச்சி மாணவராயிருந்த டேவிட் வீலர். ஒரு நிரல் தன் இடையே துணைநிரலொன்றுக்குத் தாவி, அது முடிந்ததும் விட்ட இடத்துக்கே மீளும் உபாயத்தை அவர் வகுத்தார். துணைநிரல்களின் நாடாக்கள் உருக்கு அலுமாரியொன்றில் வைக்கப்பட்டன. வேண்டியவர் வேண்டிய நாடாவை எடுத்து, அதனைப் பொறிமுறையாகத் தம் நிரல் நாடாவிற் படியெடுத்துக்கொண்டனர். வகுத்தலுக்கு ஓர் எழுத்து, மடக்கைக்கு ஓர் எழுத்து, திரிகோண கணிதச் சார்புகளுக்கு ஓர் எழுத்து என அவை வகைப்படுத்தப்பட்டிருந்தன. 1951ஆம் ஆண்டளவில் 87 துணைநிரல்கள் அந்நூலகத்தில் இருந்தன. அதே ஆண்டில் வில்க்ஸ், வீலர், ஸ்ரான்லி கில் மூவரும் இணைந்து வெளியிட்ட நூலே நிரலாக்கம் பற்றிய முதற் பாடநூலாகக் கொள்ளப்படுகின்றது.

அந்நூலின் கணிசமான பகுதி கட்டளைகளாலன்றி விவரணங்களால் அமைந்தது என்பதே இக்கட்டுரைக்கு முக்கியமானது. ஒவ்வொரு துணைநிரலும் யாது செய்யும், பொறியின் நினைவில் எத்தனை இடங்களைப் பிடிக்கும், எவ்வளவு நேரம் எடுக்கும், எந்த எல்லைக்குள் அதன் விடை நம்பத்தக்கது என்பன நிரலின் உள்ளமைப்பை அறியாதவரும் விளங்கிக்கொள்ளும் வகையில் எழுதப்பட்டன. தொடக்கத்தில் எட்சாக்கின் நினைவு 512 சொல்லிடங்களே கொண்டதாகலின், இடக்கணக்கு மிக இன்றியமையாததாயிற்று. பயன்படுத்துவோர் யாவரும் கணனி வல்லுநரல்லர் என்பதையும் மறத்தலாகாது. மயோகுளோபின் என்னும் புரதத்தின் அமைப்பை ஆராய்ந்து 1962இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜோன் கென்ட்ரூ போன்ற பிறதுறை ஆய்வாளரும் அப்பொறியை நாடினர். விவரணத்தில் ஓர் எல்லை குறிப்பிடப்படாது விடுபடின், பொறி எவ்வித எச்சரிக்கையுமின்றித் தவறான விடையை அச்சிடும். ஆய்வாளர் அதனை நம்புவார்.

1952இல் பிற்ஸ்பேர்க் நகரில் நிகழ்ந்த மாநாடொன்றில், இரண்டே பக்கங்கள் கொண்ட கட்டுரையில் வீலர் இதனை வெளிப்படையாகவே கூறினார். துணைநிரலை எழுதிச் சோதித்த பின்னரும், அதன் உள்ளமைப்பை அறியாதவர் எளிதிற் பயன்படுத்துதற்கேற்ற விவரணத்தை எழுதும் வேலை எஞ்சியிருக்கும் என்றும், எல்லாவற்றுள்ளும் அதுவே மிகக் கடினமானதாகலாம் என்றும் அவர் கருதினார். நூலின் பெயர், எல்லை, பொருள், கேட்போர், பயன் முதலியவற்றைப் பாயிரம் உணர்த்தல் வேண்டும் என நன்னூலைப் பயின்ற தமிழ் மாணவர்க்கு இக்கூற்று வியப்பளிக்காது. இரண்டுக்கும் தொடர்பேதும் இல்லை. ஆசிரியன் அருகில் இல்லாதவிடத்து நூல் தன்னைத் தானே அறிமுகப்படுத்த வேண்டியுள்ளது என்ற தேவை மட்டுமே பொதுவானது.

ஒப்புநோக்குதற்கு அமெரிக்காவில் நிலவிய வழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். 1944ஆம் ஆண்டு தொடக்கம் ஹாவாட் மார்க் ஒன்று பொறியிற் பணியாற்றிய கிறேஸ் ஹொப்பரும் அவர்தம் சகாக்களும், பயன்தரும் கட்டளைத் தொகுதிகளைக் குறிப்பேடுகளில் எழுதிவைத்து, ஒருவரிடமிருந்து ஒருவர் கையாற் படியெடுத்துக்கொண்டனர். அவ்வாறு எழுதுகையிற் குறியீடுகள் உருமாறிப் பிழைகள் மலிந்தன என 1978இல் அவர் நகைச்சுவையுடன் நினைவுகூர்ந்தார். ஏட்டுச் சுவடிகளின் பாடபேதங்களோடு மல்லாடியவர்க்கு இத்துன்பம் நன்கு புரியும். படியெடுக்கும் வேலையைப் பொறியிடமே ஒப்படைத்தல் வேண்டும் என்ற முடிவிலிருந்து, 1952இல் அவர் யூனிவாக் பொறிக்கென ஆக்கிய ஏ-சுழியம் என்னும் தொகுப்பான் பிறந்தது.

இதன் பின் நிகழ்ந்தவற்றை விரிப்பின் பெருகும். 1957இல் போர்ட்ரான் வழக்குக்கு வந்தது. 1968இல் ஜேர்மனியின் கார்மிஷ் நகரில் டக் மக்கில்றோய், தொழிற்சாலைப் பொருள்கள்போல நிரற்பாகங்களும் தொகையாக உற்பத்தி செய்யப்படல் வேண்டும் என வாதிட்டார். 1971இல் வெளிவந்த யுனிக்ஸ் கைந்நூல் ஒவ்வொரு கட்டளையின் குறைபாடுகளையும் தனித் தலைப்பின்கீழ்ப் பதிவுசெய்தது. இந்நேர்மை பிற்காலக் கைந்நூல்கள் பலவற்றில் அருகிவிட்டது.

இக்கால நிலைமையைப் பார்ப்போம். 2020இல் வெளிவந்த ஜிபிரி-3 போன்ற மொழி மாதிரிகள், இயல்பான மொழியில் எழுதப்பட்ட அறிவுறுத்தலையும் சில எடுத்துக்காட்டுகளையும் கொண்டு ஒரு பணியைச் செய்ய முயலும் ஆற்றலைக் காட்டின. 2022 நவம்பரில் சாட்ஜிபிரி வெளியானதும் இவ்வாற்றல் பலர் கைக்கும் எட்டியது. ஆனால் அன்று ஒவ்வோர் உரையாடலும் வெறுமையிலிருந்தே தொடங்கிற்று. நேற்றுச் சொன்ன நடைவிதிகளையும் வேலைமுறையையும் இன்று மீண்டும் சொல்ல வேண்டியிருந்தது. 2023இல், நிலையான அறிவுறுத்தல்களை ஒருமுறை எழுதிவைக்கும் வசதி சாட்ஜிபிரியில் இணைக்கப்பட்டது. நிரலாக்கத்துக்கு உதவும் கருவிகளுக்கென, திட்டக் கோப்புறையினுள்ளேயே வைக்கத்தக்க ‘ஏஜென்ட்ஸ்’ போன்ற அறிவுறுத்தற் கோப்புகள் 2025இற் பெருகின. அதே ஆண்டு ஒக்டோபரில் அந்திரொபிக் நிறுவனம் ‘ஸ்கில்ஸ்’ என்னும் பெயரில் அறிமுகஞ் செய்த ஏற்பாடு, எட்சாக் அலுமாரியைப் பெரிதும் நினைவூட்டுவதாகும். ஒவ்வொரு பணிக்கும் ஒரு கோப்புறை. அதனுள் அறிவுறுத்தற் கோப்பு. கோப்பின் தலைப்பிற் பெயரும் குறுகிய விவரணமும். உதவியாளர் தொடக்கத்தில் அப்பெயரையும் விவரணத்தையுமே காண்கின்றது. கேட்கப்பட்ட வேலைக்கு அது பொருந்துமெனக் கருதினால் மட்டுமே முழுக் கோப்பையும் வாசிக்கின்றது. மாதிரியொன்று ஒரே வேளையிற் கருத்திற்கொள்ளும் எழுத்தின் அளவுக்கு வரம்பு உண்டாதலின் இச்சிக்கனம் வேண்டப்படுகின்றது. நினைவின் இறுக்கம் 512 சொல்லிடங்களோடு ஒழிந்துவிடவில்லை.

எனவே அவ்விரண்டொரு வரி விவரணம் முழுக் கோப்பின் விதியையும் தீர்மானிப்பதாகின்றது. ‘ஆவணங்களுக்கு உதவும்’ எனப் பொதுப்பட எழுதினால், வேண்டாதவிடத்து எடுக்கப்படலாம், வேண்டியவிடத்து எடுக்கப்படாமலும் போகலாம். எவ்வகை ஆவணம், எவ்வேளையில், எதற்கு அன்று என்பவற்றைச் சொன்னாலே அது தன் தொழிலைச் செய்யும். வீலர் கடினமெனக் கண்ட வேலை இன்று நிரலாக்கம் அறியாத ஆசிரியர், எழுதுவினைஞர், ஆய்வு மாணவர் ஆகியோரின் கைக்கும் வந்துள்ளது.

எனினும் இவ்வொப்புமையை அளவுக்கு மீறி இழுத்தல் வரலாற்றுக்குப் பொருந்தாது. கேம்பிரிஜில் விவரணத்தை வாசித்தவர் மனிதர். கட்டளையை நிறைவேற்றியது பொறி. விவரணம் எத்துணை மங்கலாயிருப்பினும் நாடாவிலுள்ள கட்டளை மாறுவதில்லை. இன்று விவரணமே கட்டளையாகிவிட்டது. அதனை வாசித்துப் பொருள்கொள்வதும் நிறைவேற்றுவதும் ஒன்றே. அப்பொருள்கோடல் ஒவ்வொரு முறையும் ஒரே தன்மையதாய் அமையுமென்பதற்கு உறுதியில்லை. ஆகவே கோப்பை ஒருமுறை பரீட்சித்துத் திருப்தியுறல் போதாது. வெவ்வேறு கேள்விகளைக் கொடுத்துப் பன்முறை பார்த்தல் வேண்டும். மேலும், அயலார் எழுதிய கோப்பை வாசியாது ஏற்றுக்கொள்வோர், அதனுள் மறைந்திருக்கும் தீய அறிவுறுத்தலையும் சேர்த்தே ஏற்கின்றனர். எட்சாக் பயனாளர்க்கு அலுமாரியிலிருந்து இத்தகைய ஆபத்து நேர வழியிருக்கவில்லை.

எட்சாக் 1958 ஜூலையில் நிறுத்தப்பட்டுக் கழற்றப்பட்டது. அதன் கட்டளைகளும் விவரணங்களும் அச்சிலும் நாடாவிலும் எஞ்சின. அவற்றின் துணைகொண்டு பிற்காலத்தில் அப்பொறியின் நடத்தையை வேறு கணனிகளில் மீளமைக்க முடிந்தது. 1951ஆம் ஆண்டு நூலின் நிரல்களை அவ்வாறமைந்த போலிப்பொறியில் இன்றும் இயக்கிப் பார்க்கலாம். அறிவுறுத்தற் கோப்புகளின் நிலை மறுதலையானது. 2023 மார்ச்சில் ஓப்பன்ஏஐ நிறுவனம் தன் கோடெக்ஸ் மாதிரிகளைப் பொதுப் பயன்பாட்டிலிருந்து விலக்கிக்கொண்டபோது, அவற்றைக் கருதி எழுதப்பட்ட அறிவுறுத்தல்கள் எழுதியோர் கையில் அப்படியே இருந்தன. அவற்றை வாசித்த மாதிரியே அவர்கள் கைக்கு எட்டாது போயிற்று. அவ்வறிவுறுத்தலின் இன்ன சொல் ஏன் இட்டெழுதப்பட்டது, எந்தப் பிழையைத் தடுக்கச் சேர்க்கப்பட்டது என்பதைக் கோப்பை மட்டும் கொண்டு நாளை ஆராயப் புகும் வரலாற்று மாணவர், மூலபாடம் கையிலிருக்க அதனைக் கேட்டவர் எவரென அறியாத நிலையிலிருந்தே தொடங்க நேரும்.