விலா எலும்பும் விடிய விடியத் தணலும்

புனேயில் எங்கள் தமிழ் வட்டத்தில் சிலர் கேட்டுக்கொண்டதால் இந்தப் பதிவு. பார்பிக்யூ ரிப்ஸ், அதாவது பன்றி விலா எலும்பு, வீட்டு ஓவனில் பஞ்சு மாதிரி வேக என்ன வழி? சொல்கிறேன், அதற்கு முன் கொஞ்சம் வரலாறு.

கரீபியத் தீவுகளில் டைனோ மக்கள் நெருப்புக்கு மேலே குச்சிப் பரண் கட்டி இறைச்சியை வாட்டினார்கள். அந்தப் பரணை ஸ்பானியர்கள் 'பார்பகோவா' என்று எழுதிவைக்க, அதிலிருந்து வந்ததுதான் பார்பிக்யூ. அமெரிக்கத் தென்மாநிலங்களில் குழி வெட்டி, விடிய விடியத் தணல் காத்தவர்கள் பெரும்பாலும் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்கள். விருந்து என்னவோ முதலாளிக்கு!

அந்தக் கைப்பக்குவம் பின்னாளில் பிழைப்பாயிற்று. டென்னசியில் பிறந்த கறுப்பினத்தவரான ஹென்றி பெர்ரி 1908-இல் கான்சாஸ் சிட்டியில் ஒரு சந்தில் கடை போட்டு, வாட்டிய இறைச்சியைச் செய்தித்தாளில் சுற்றி விற்றார். 1940-இல் அவர் மறைந்தபின் கடையை ஏற்றவர் அவரிடம் வேலை பார்த்த சார்லி பிரையன்ட். அடுத்து அவர் சகோதரர் ஆர்தர்.

இவர்கள் கைவசம் இருந்த சூட்சுமம் இதுதான்: சூடு குறைவு, நேரம் அதிகம். இறைச்சியிலுள்ள கொலாஜன் 70 டிகிரிக்கு மேல் மெல்ல மெல்ல ஜெலட்டினாக இளகும். நம்ம ஆட்டுக்கால் பாயா சங்கதியேதான்.

ஆகவே, உள்பக்க ஜவ்வை உரித்து, உப்பும் மசாலாவும் தடவி, அலுமினியத் தாளில் இறுக்கிப் பொதிந்து 130 டிகிரியில் 3 மணி நேரம். பிறகு பிரித்து, சாஸ் பூசி, 200 டிகிரியில் 10 நிமிடம்.

ஓவனில் புகை வாசம் வராது, அது குழிக்கே உரியது. ஆனால் அந்த 3 மணி நேரத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். அவர்கள் நமக்கு விட்டுப்போனது அதைத்தான்.