வேர் ஊக்கி

வேர் ஊக்கி என்பது வெட்டிய தண்டுத் துண்டின் அடியில் புது வேர் விரைவாகவும் மிகுதியாகவும் தோன்றச் செய்யும் பொருள். தாவர வளர்ச்சி ஊக்கிகளுள் ஆக்ஸின் வகையைச் சேர்ந்தது.

செடியின் இயல்பான ஆக்ஸின் இண்டோல் அசெட்டிக் அமிலம்; இது ஒளியில் எளிதில் சிதையும். ஆகவே நாற்றங்கால்களில் நிலைப்புமிக்க இண்டோல் பியூட்ரிக் அமிலமும் (ஐ.பி.ஏ.) நாப்தலீன் அசெட்டிக் அமிலமும் பயன்படுகின்றன. ஐ.பி.ஏ.யின் வேரூக்கும் திறனை 1935இல் அமெரிக்காவின் பாய்ஸ் தாம்சன் ஆய்வு நிலையத்தில் சிம்மர்மனும் வில்காக்சனும் விளக்கினர்.

வேர் ஊக்கி டால்க் மாவில் கலந்த தூளாகவும் கரைசலாகவும் கிடைக்கும். செம்பருத்தி போன்றவற்றின் இளந்தண்டுக்கு ஏறத்தாழ 1,000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 1,000 பங்கு) ஐ.பி.ஏ. போதும், முற்றிய கட்டைத் தண்டுக்கு 3,000 முதல் 8,000 வரை தேவைப்படலாம். கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, அடி இலைகளை நீக்கி, வெட்டுவாயை மட்டும் தூளில் தொட்டு, மிகுதியைத் தட்டிவிட்டு, ஈரமணலில் நட வேண்டும். அளவு மீறினால் அடி கருகும், மொட்டு விரிவது தடைப்படும். வீட்டுத் தோட்டங்களில் மிகவும் கவனிக்க வேண்டியது இந்த அளவையே. எல்லாச் செடிக்கும் ஊக்கி தேவையில்லை; மணி பிளான்ட் ஊக்கியின்றியே வேர்விடும்.

வேர் ஊக்கி உரம் ஆகாது. வேர்பிடித்த செடிக்கு அதைத் தொடர்ந்து இடுவதால் பயனில்லை. இளநீரும் வேர் ஊக்கிக்கு மாற்றாகாது; அதில் செல் பிரிவைத் தூண்டும் சைட்டோகைனின்கள் உள்ளன. இவை மிகுந்தால் வேர் தோன்றுவதைத் தடுக்கவும் கூடும்.